ஆரம்பிச்சுட்டா

மேல்மாடியைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

மேல்மாடி என்பது அவளுக்குப் பட்டறையில் விழுந்த பெயர். பாலங்களுக்கு வேண்டிய இரும்பு உத்தரங்களை வெட்டி, பற்றவைத்து, துளைபோட்டு அனுப்புகிற பட்டறை அது. கூரைக்கு அடியில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஓடும் கிரேனில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் எட்டு வருஷமாக உட்கார்ந்து அவள் உத்தரங்களைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் வெல்டர்களில் ஒருவன், "என்னப்பா, மேல்மாடி காலியா?" என்று சத்தம் கொடுப்பான். ஏணியில் பாதி ஏறியபடியே அவள், "உன்னுது அளவுக்குக் காலி இல்ல" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், வேலை தொடங்கும்.

பத்து டன் இரும்பைக் கூடையில் முட்டை வைப்பதுபோல வைக்கத் தெரிந்தவள். அப்படிப்பட்டவளை ஏன் இறக்கினார்கள் என்று கேட்டால், சத்தம் போட்டாளாம். ஒரு திங்கட்கிழமை, லாரி காத்திருக்கிறது என்று போர்மேன் பறந்தார். உத்தரத்தைச் சுற்றிக் கட்டிய தூக்கு பெல்ட்டின் ஓரம் நார்நாராகப் பிரிந்திருந்தது அவளுக்கு மேலிருந்தே தெரிந்தது. போதாததற்கு, உத்தரம் போகிற வழியில் பெயிண்டர் ஒருவர் குனிந்து உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். வாக்கி டாக்கியில் முதலில் மரியாதையாகத்தான் சொன்னாள், பெல்ட்டை மாற்றுங்கள் என்று. "தாங்கும், தூக்கு" என்றார் போர்மேன். மறுபடி சொன்னாள். மறுபடி தாங்கும் என்றார். அதற்கப்புறம்தான், "தாங்கும்னா அந்த இடத்துல நீங்க போய் உக்காருங்க, நான் தூக்கறேன்! அந்த ஆளு பொண்டாட்டிக்கு நீங்களா பதில் சொல்வீங்க?" என்று கத்தினாள். எல்லோருடைய வாக்கி டாக்கியும் ஒரே அலைவரிசை என்பதால் பட்டறை முழுக்கக் கேட்டது. பெல்ட்டை மாற்றினார்கள். பெயிண்டர் அன்று மாலை முழு உடம்போடு வீடு போய்ச் சேர்ந்தார்.

அதற்கு நன்றி வந்ததா என்றால், இல்லை. மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க குடும்பத்துல ஏதோ மூளை வியாதி இருக்காமே?" என்று பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே கேட்டார். "காரணமே இல்லாம கோபம் வருமாம். உங்க அண்ணனே வந்து சொன்னாரு. தப்பா எடுத்துக்காதீங்க, டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் மேல ஏற வேண்டாம்."

"காரணம் இல்லாமலா சார்? பெல்ட்டு கிழிஞ்சிருந்துச்சு."

"பாருங்க, இப்பவே குரல் ஏறுது" என்றார் மேனேஜர்.

கோபப்பட்டால் வியாதி முற்றிவிட்டது. கோபப்படாமல் வாயை மூடிக்கொண்டால், சொன்னதெல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எப்பேர்ப்பட்ட பொறி பாருங்கள்! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். டூல் ரூமில் உட்காரவைத்து, கலந்து கிடந்த போல்ட்டையும் நட்டையும் அளவு பார்த்துப் பிரிக்கச் சொன்னார்கள்.

அண்ணன் அதே பட்டறையில் ஸ்டோர் பொறுப்பாளன். கிழிந்த பெல்ட் அவனுடைய ஸ்டோரிலிருந்துதான் போயிருந்தது. தங்கைக்கு வியாதி என்று அவன் வாயைத் திறந்த பிறகு பெல்ட்டைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? ஆனால் அவனைக் கேட்டால், நெஞ்சில் கைவைத்து, தங்கையின் நன்மைக்காகத்தான் சொன்னேன் என்பான். அதை அவன் நம்பவும் செய்தான். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

குடும்பத்தில் வியாதி இருந்தது என்னவோ உண்மை. அவர்களுடைய அம்மாவுக்கு ஹண்டிங்டன் என்கிற நோய். கை கால் தானாகத் துள்ளும், நாக்கு குழறும், நடை தள்ளாடும், சுபாவமும் மெல்ல மாறும். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு ஜீனுக்குள் மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வருமாம். அது அளவு மீறிப் போனால் நோய். அம்மாவுக்கு நாற்பத்திரண்டு தடவை. நான்கு வருஷத்துக்கு முன் அது உறுதியானபோது அவளும் ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். அவளுக்கும் நாற்பத்திரண்டு.

"இந்த எண்ண வச்சு மட்டும் எப்ப வரும்னு சொல்லிட முடியாது" என்று டாக்டரம்மா அப்போது விளக்கினார். "எண் கூடக் கூட சீக்கிரம் வரும், அது பொதுவான கணக்கு. ஆனா ஒரே எண் இருக்கற ரெண்டு பேருக்கு நடுவுல இருபது வருஷ வித்தியாசம்கூட இருக்கலாம். வேற ஜீன்கள் கூட சேர்ந்து வேலை செய்யுது. தள்ளிப்போடறதும் இருக்கு, அவசரப்படுத்தறதும் இருக்கு. நாற்பத்திரண்டுன்னா பொதுவா ஐம்பத ஒட்டியோ அதுக்கு மேலயோதான். உங்கம்மாவுக்கு முப்பத்தொண்ணுலயே ஆரம்பிச்சிருக்கு. அப்ப உங்க குடும்பத்துல அவசரப்படுத்தற ஜீன் ஏதோ இருக்கணும்."

அம்மாவின் ரத்தத்தை அதற்காகவே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். முதலில் கோபம் வரும், கை கால் பிற்பாடு என்று சொன்னார்கள். அவளும் நம்பினாள். அம்மா கோபக்காரி என்பது சொந்தபந்தம் அத்தனை பேரும் அறிந்த சமாசாரம்.

முப்பத்தொன்று என்கிற அந்த எண் வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அப்போது அவளுக்கு இருபத்தொன்பது. அன்றிலிருந்து கைதவறி ஒரு டம்ளர் விழுந்தால்கூட வியர்த்துக் கொட்டும். வந்த கல்யாணப் பேச்சை அவளே வெட்டிவிட்டாள். இப்போது முப்பத்துமூன்று, அவள் நடையையும் கையையும் வீட்டில் எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். அண்ணன் கதை வேறு. அவன் பரிசோதனைக்கே போகவில்லை. முப்பத்திரண்டாவது பிறந்தநாளன்று பட்டறை முழுக்க இனிப்பு கொடுத்தான். "நான் தாண்டிட்டேன்" என்றான். அப்படியெல்லாம் கணக்குப் போடக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை. அடுத்த வருஷமே இரண்டாவது குழந்தையும் பிறந்தது.

லெட்டர் வாங்கப் போன அன்று அம்மாவுக்கும் வழக்கமான பரிசோதனை இருந்தது. அதனால் குடும்பமே போனது. டாக்டரம்மாவின் அறை சின்னது. மேஜைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் அப்பா உட்கார்ந்துகொண்டார். எங்கே போனாலும் முதல் நாற்காலி அவருடையது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நிமிஷம் பிந்தினால் டிரைவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட மனுஷன். அம்மா சக்கர நாற்காலியில். அவள் வலது கை மடியிலிருந்து எழுந்து காற்றில் எதையோ தட்டிவிட்டு மடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அண்ணன் கதவில் சாய்ந்து நின்றான்.

டாக்டரம்மா மேல்மாடியை விரலோடு விரல் தட்டச் சொன்னார். நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். தலையை அசைக்காமல் பேனாவைக் கண்ணால் தொடரச் சொன்னார். குதிகாலை விரல்நுனியில் வைத்து வைத்து நேர்கோட்டில் நடக்கவைத்தார். ஒன்றிலும் குறை இல்லை.

"உடம்புல ஒண்ணும் இல்ல" என்றார். "ஆனா உங்க கோபத்தப் பத்தி அண்ணன் சொல்றாரு. அம்மாவுக்கு முப்பத்தொண்ணுல கோபத்துலதான் ஆரம்பிச்சிருக்கு. உங்களுக்கு முப்பத்துமூணு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்த்துட்டு லெட்டர் தரேனே? நீங்க ஓட்டறது கிரேன். கீழ ஆளுங்க நிக்கறாங்க."

"கீழ ஆளு நின்னான்னுதான் மேடம் நான் கத்துனதே!"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். ஆறு மாதம் டூல் ரூமில் நட்டு பொறுக்கினால், அந்தக் கூண்டில் வேறு ஆள் ஏறிவிடுவான். பிறகு அதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. இதையும் கோபம் என்று குறித்துக்கொள்வார்களே என்று அடக்கிக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"அந்த முப்பத்தொண்ணு யாரு மேடம் சொன்னது?"

"உங்கப்பாதான். எங்க உதவியாளர் போன் பண்ணி, எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டப்போ சொல்லியிருக்காரு."

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நேரம் சொல்கிற விஷயத்தில் அவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. "பெரியவனுக்கு ஒன்பது வயசு, சின்னவளுக்கு ஆறு. அந்த வருஷந்தான் ஆரம்பிச்சா."

டாக்டரம்மா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். "என்ன பார்த்தீங்க சார் முதல்ல? கை உதறுச்சா? கால் துள்ளுச்சா?"

"கை காலெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. வாய்தான்."

"வாய் கோணுச்சா?"

"இல்லம்மா. பேசறதுக்கு ஆரம்பிச்சுட்டா. என்னையே எதுத்து. அதுக்கு முன்னாடி வாயத் திறக்க மாட்டா."

அந்த வீட்டில் இந்தச் சொல் புதுசு இல்லை. அம்மா எது கேட்டாலும் அப்பா செய்தித்தாளை மடிக்காமலே சொல்வார்: "ஆரம்பிச்சுட்டா." ஆயிரம் வீடுகளில் ஆயிரம் புருஷன்மார் சொல்கிற சொல்தான். போனில் உதவியாளர் கேட்டது, எப்ப ஆரம்பிச்சது என்று. இவர் சொன்னது, எப்ப ஆரம்பிச்சா என்று. ஒரு 'து'வுக்கும் ஒரு 'சா'வுக்கும் நடுவில் ஒரு மனுஷியின் ஆயுளே விழுந்து காணாமல் போயிருந்தது.

"ஏன் அப்படிப் பேசினாங்க? ஏதாவது நடந்துச்சா?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுமே நடக்கலம்மா. ரேடியோ கம்பெனில சால்டரிங் வேலைக்குப் போயிட்டிருந்தா. அங்க இவள சூப்பர்வைசரா ஆக்கிட்டாங்க. ஆம்பளைங்களுக்கு இவ வேலை சொல்லணுமாம், நாலு பேரு நாலு விதமா பேசமாட்டாங்களா? நான் கம்பெனிக்குப் போயி, நாளைலேர்ந்து அவ வரமாட்டா, வீட்டுல முடியலன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மறுநாள் கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க போல. வந்து ஆரம்பிச்சா பாருங்க! இஸ்திரிப்பெட்டிய எடுத்து ஜன்னல்ல வீசிட்டா. கண்ணாடி சுக்குநூறு. நல்ல மனுஷி பண்ற காரியமா அது?"

சொல்லிவிட்டு, பார்த்தீர்களா என்பதுபோல எல்லோர் முகத்தையும் பார்த்தார். தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்தது அவருக்குக் கடுகளவும் உறைக்கவில்லை.

மேல்மாடிக்கு அந்த ஜன்னல் ஞாபகம் இருந்தது. ரொம்ப நாள் அதில் கண்ணாடிக்குப் பதிலாக அட்டை ஒட்டியிருந்தது. ஏன் உடைந்தது என்று கேட்டதில்லை. அம்மா கோபக்காரி, அவ்வளவுதான். இத்தனை வருஷமாகத் தானும் அப்படியே நம்பியிருக்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. கேட்காமல் கொள்ளாமல் போய் ஒருத்தியின் வேலையைக் கெடுத்துவிட்டு வருவது, அவள் கொதித்தால் கொதித்ததற்கு ஒரு பெயர் வைப்பது! அப்பா ரேடியோ கம்பெனிக்குப் போனார், பிள்ளை மேனேஜர் அறைக்குப் போனான். எந்த ஜீன் இந்தக் குடும்பத்தை அவசரப்படுத்துகிறது என்று அம்மாவின் ரத்தத்தில் தேடுகிறார்களாம். தேட வேண்டிய இடம் அப்பாவின் வாய்.

"மேடம்" என்றாள். "எங்கம்மா அதுக்கப்புறம் காது மிஷின் ரிப்பேர் பண்ணாங்க. வீட்டுலயே, ஜன்னலோரமா உக்காந்து. அரிசி அளவு பாகத்துல முடி மாதிரி வயர சால்டர் பண்ணணும். நாற்பது வயசுலயும் பண்ணாங்க, ஐம்பதுலயும் பண்ணாங்க. அந்தக் கை உதறுற கையா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது. "வீட்டுப் பெரியவர்னு அவர்கிட்ட கேட்டோம்" என்றார் மெல்ல.

"எங்கம்மாவும் அப்ப பக்கத்துலதானே மேடம் உக்காந்திருந்தாங்க? நாலு வருஷத்துக்கு முன்னாடி நல்லாவே பேசுவாங்களே. அவங்கள யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கல. தப்புதான்" என்றார் டாக்டரம்மா. எழுந்து வந்து, சக்கர நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "அம்மா, இப்ப கேக்கறேன். உங்க கையில, காலுல, முதல்ல மாற்றம் தெரிஞ்சது எந்த வயசுல?"

"அவளால சொல்ல முடியாதும்மா, நானே..." என்று தொடங்கினார் அப்பா.

"நீங்க சும்மா இருங்கப்பா!" என்றாள் மேல்மாடி.

அம்மாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வந்தது. கண்கள் மட்டும் அலையாமல் டாக்டரம்மாவைப் பார்த்தன. பிறகு மகளைப் பார்த்தாள். பிறகு கதவில் சாய்ந்து நின்ற மகனைப் பார்த்தாள், ரொம்ப நேரம். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் மேல்மாடிக்கும் புரிந்தது. முப்பத்தொன்று பொய் என்றால் அவன் எதையும் தாண்டவில்லை. வர வேண்டியது வருமானால், அது இனிமேல்தான்.

"முப்பத்... தொண்ணு" என்றாள் அம்மா. நாக்கைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்தாள். "கை... அப்பவே... உதறுச்சு."

"நான் சொல்லல?" என்றார் அப்பா.

மேல்மாடி வாயைத் திறந்தாள். எதற்கெடுத்தாலும் கத்துகிறாள் என்று பெயர் வாங்கியவளுக்கு, கத்தியே ஆகவேண்டிய இடத்தில் சத்தம் வரவில்லை. பிள்ளை நிம்மதியாகத் தூங்குவதற்காக இருபத்தேழு வருஷப் பைத்தியப் பட்டத்தைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறாளே இந்த அம்மா! அதில் என் பிழைப்பு போகிறதே, அது தெரியவில்லையா? தெரிந்தும்தான் சொல்கிறாளா? பேசினால் அண்ணனின் வாழ்க்கையில் மண் விழும். பேசாவிட்டால் தன் வாழ்க்கையில். அவள் அம்மாவின் துள்ளுகிற கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஐம்பத்திரண்டு, டாக்டர்."

பேசியது அண்ணன். கதவிலிருந்து அவன் நகரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"என் பெரிய பொண்ணு பொறந்த புதுசு. அம்மா கையில குடுத்தேன். முழங்கை தானா ஒரு துள்ளு துள்ளுச்சு, குழந்தை நழுவப் பார்த்துச்சு. நான் சட்டுனு வாங்கிட்டேன். அம்மா என் முகத்தப் பார்த்தாங்க. நான் பார்க்கல. அதுக்கு முன்னாடி ஒரு நாளும் அம்மா கை அப்படி ஆனதில்ல."

"டேய்... வே...ண்டாம்" என்றாள் அம்மா.

"போதும்மா. எனக்காக நீ பைத்தியமா இருந்தது போதும்." பிறகு டாக்டரம்மாவிடம், "மாத்திக்குங்க மேடம். இவளுக்கு லெட்டரும் குடுத்துடுங்க. பெல்ட்டு கிழிஞ்சுதான் இருந்துச்சு. என் ஸ்டோர் பெல்ட்டு. மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்."

டாக்டரம்மா மேஜைக்குத் திரும்பி முப்பத்தொன்றை அழித்து ஐம்பத்திரண்டு என்று அடித்தார். அவசரப்படுத்துகிற ஜீன் எதுவும் இருந்ததாக இனி நினைக்கக் காரணமில்லை என்றார். நியாயமான இடத்தில் வருகிற கோபத்தை நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள முடியாது, கிரேன் ஓட்ட இன்றைய தேதியில் எந்தத் தடையும் இல்லை என்று லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் வாங்கிக்கொண்டாள். இருபது வருஷம் கைக்குத் திரும்பி வந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை. யார் மேல் என்பதில் மட்டும் இப்போது அவளுக்குக் குழப்பம் இல்லை.

அண்ணன் கதவை விட்டு இரண்டடி முன்னால் வந்து நின்றான். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"மேடம், என்னையும் ஒரு தடவ பார்த்துடறீங்களா? ரத்தம் அப்புறம். சும்மா, விரல தட்டச் சொல்வீங்களே, அது மட்டும்."

"உக்காருங்க" என்றார் டாக்டரம்மா.

உட்கார இடம் இல்லை. மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் அப்பா இருந்தார். "எதுக்கு இப்ப இதெல்லாம்? நல்லா இருக்கறவன..." என்று முனகிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்.

மேல்மாடி அவர் முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"எந்திரிங்கப்பா. அந்த நாற்காலி அண்ணனுக்கு வேணும்."

அவர் மகனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், யாரும் அவருக்காகப் பேசவில்லை. எழுந்து சுவரோரமாகப் போய் நின்றார்.